முதல் சுற்றுக்காகப் போனவர்

காதர் பாய் இறந்த செய்திக்குக் கைதட்டிய ஒரே ஆள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் குழுவில் இருக்கும் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள்.

அன்று காலை வீரபாண்டிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் போன். நம் செஸ் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாயின் படம் வந்திருந்தது. கையில் பெரிய கோப்பை, முகம் கொள்ளாத சிரிப்பு. கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. நான் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பெட்டியின் மேலே ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதை நம்பிவிடுகிற ஆள். மனுசன் ஒருவழியாகக் கோப்பை அடித்துவிட்டார் என்று நினைத்து, வரிசையாகக் கைதட்டல்களைப் போட்டு, ‘வாழ்த்துகள் பாய், பிரியாணி எப்போ?’ என்றும் எழுதிவிட்டேன்.

உள்ளேயிருந்து என் மகள் நந்தினி ஓடிவந்தாள். “அப்பா! என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? கீழ படிக்கவே இல்லையா? மொதல்ல அழிங்க!”

அழித்தேன். பதற்றத்தில், ‘எனக்கு மட்டும்’ என்ற இடத்தைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது. என் போனில் மறைந்துவிட்டது. உங்கள் எல்லோர் போனிலும் அது பிரியாணி கேட்டபடியே நின்றது. அதற்குப் பிறகுதான், பாயின் மகன் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘எங்கள் அத்தா இன்று அதிகாலை மவுத்தாகிவிட்டார்.’

அந்தக் கோப்பையும் அவருடையது அல்ல. நந்தினி ஒரு போட்டியில் வாங்கியது. “குடு கண்ணு, என்ன கனம் இருக்குதுன்னு பாக்கறேன்” என்று கையில் வாங்கி, ஒரு படமும் எடுத்துக்கொண்டார். அத்தா நன்றாகச் சிரிக்கிற படம் மகனுக்கு வேறு கிடைக்கவில்லை போல.

பாயைப் பற்றி என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவனிடம் இதைக் கொடுத்தது, அந்தக் கைதட்டலுக்கான தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் பாய்க்குத் திருப்பூர் ராயபுரத்தில் வீடு. வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அறுபதை நெருங்கிய வயதில், எந்த ஊரில் சர்வதேச ஓபன் செஸ் போட்டி என்றாலும் பெயர் கொடுத்துவிடுவார். பயிற்சியாளர் கிடையாது, படித்த புத்தகமும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாயப்பட்டறைக்காரர்களோடு விளையாடிக் கற்ற ஆட்டம்.

நான் அவரைச் சந்தித்தது நந்தினியின் முதல் ஓபனில். ஓபன் என்றால் திறந்தவெளியில் நடத்துவார்கள் என்று நம்பி, நான் குடையும் தொப்பியும் விரிக்க ஒரு போர்வையும் கொண்டு போயிருந்தேன். போட்டியோ குளிரூட்டப்பட்ட கல்யாண மண்டபத்தில். வாசலில் என் மூட்டையோடு நின்றவனைப் பார்த்து ஒருவர் கேட்டார்.

“ஏனுங்க, பழனிக்குப் போறவங்க வழி தப்பி வந்துட்டீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: “ஓபன்னா யாரு வேணும்னாலும் வரலாம்னு அர்த்தமுங்க. ஒலகத்துல பெரிய ஆட்டக்காரரும் வரலாம், நானும் வரலாம். நல்லா கேளுங்க. கிரிக்கெட்ல பீஸ் கட்டினா, பெரிய பவுலர் வந்து உங்களுக்குப் பந்து போடுவாரா? இங்க போடுவாருங்க. மொதல் ரவுண்டுலயே போடுவாரு.”

அன்றுதான் அந்தக் கணக்கை எனக்கு விளக்கினார். ஆட்டக்காரர்களைப் பலத்தின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவார்கள். பட்டியலை நடுவில் இரண்டாக வெட்டுவார்கள். முதல் சுற்றில், மேல் பாதியின் முதல் ஆளுக்குக் கீழ்ப் பாதியின் முதல் ஆள் எதிரி. இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் ஆள். இப்படியே போகும். ஆக, கிராண்ட்மாஸ்டரோடு உட்கார வேண்டுமென்றால் ரொம்ப நன்றாக ஆடவும் கூடாது, ரொம்ப மோசமாகவும் ஆடக் கூடாது. நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். “நமக்குன்னே போட்ட எடமுங்க மாப்ள அது” என்றார். சந்தித்த அரை மணி நேரத்தில் என்னை மாப்ள ஆக்கிவிட்டார்.

இங்கே ஒரு உண்மையைப் போட்டு உடைக்கிறேன். சிறுபிள்ளைகளை எல்லாம் ஓபன் போட்டிகளுக்கு அழைத்துப் போய் விளையாட்டை வளர்த்தவர் என்று அடக்கத்தன்று பலர் பேசினீர்கள். மனுசன் கேட்டிருந்தால் கூச்சத்தில் நெளிந்திருப்பார். புதுப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்தால் பட்டியலின் அடிப்பக்கம் நீளும். நடுக்கோடு கீழே இறங்கும். பாய் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார். அதற்காகத்தான் ஊர் ஊராகப் போன் போட்டு, “பாப்பாவச் சேத்துங்க, நல்ல அனுபவமுங்க” என்று கெஞ்சினார். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆட வந்தது பாய்க்குக் கிராண்ட்மாஸ்டர் கிடைப்பதற்காகத்தான். வந்த பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள் என்பது வேறு விஷயம்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கிராண்ட்மாஸ்டர் ஒருவரிடம் ஒரு டிரா. அரைப் புள்ளி. வெற்றியெல்லாம் அவர் கனவிலும் கிடையாது.

இடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் ஓபனுக்கு, நானும் நந்தினியும் அவரைக் கூட்டிப்போக ராயபுரத்துக்குப் போனோம். பை தயாராக இருந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, நீங்களே சொல்லுங்க. டாக்டரு அலையாதீங்கன்னு சொல்லியிருக்காரு. இவரு தோக்கறதுக்கு ரயிலேறிப் போறாரு. தோக்கோணும்னா இங்க என்கிட்ட தோக்கலாமில்லீங்களா?”

“உன்கிட்டத்தான் தெனமும் தோக்கறனே” என்றார் பாய்.

“வாயப் பாருங்க. இது எப்பங்க முடியும்? எனக்கு ஒரு பதிலச் சொல்லீட்டுப் போங்க.”

பாய் யோசித்தார். பிறகு, என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த மாப்ள சாட்சி. ஒரு கிராண்ட்மாஸ்டருகிட்ட அரைப் புள்ளி வாங்கீட்டன்னா, அன்னிக்கோட சரி. அப்புறம் எந்த ஓபனுக்கும் போகமாட்டேன். ஊட்டோட கெடக்கறேன். போதுமா?”

அக்கா பையை விட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, “சீக்கிரம் அந்த அரைய வாங்கிக் குடுங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். ஏதோ அது நம் கம்பெனி ஸ்டோரில் இருப்பது போல.

அந்தப் போட்டியின் முதல் சுற்றில் பாய்க்கு ஐரோப்பியக் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் அமைந்தார். அப்படி அமைந்தால் பாய் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிப்பார். அது அவர் கௌரவம். அன்றோ, நான் முதல் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார். நெஞ்சுவலியோ என்று பயந்து எழுந்தேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பிசிறு.”

“என்னங்க பாய்?”

“அந்த மனுசன் போட்டிருந்த டீசர்ட்ல, தோள் தையல்ல, இத்தன நீளத்துக்கு ஒரு நூல் தொங்குதுங்க. பிசிறு வெட்டாம பீஸ விட்டிருக்கறானுங்க. நானும் பாக்கக் கூடாது பாக்கக் கூடாதுன்னு போர்டையே பாக்கறேன். கண்ணு அங்கயே போகுது. அவரு யோசிச்சிட்டு இருக்கறப்ப, என் கை தானாப் போயி வெடுக்குன்னு நூலப் புடிச்சு இழுத்துருச்சுங்க மாப்ள.”

கிராண்ட்மாஸ்டர் நாற்காலியோடு பின்னால் போயிருக்கிறார். நடுவர் ஓடிவந்திருக்கிறார். எதிராளியைத் தொட்டதற்கு எச்சரிக்கை. பாய் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கப் பார்த்தாராம்: “சார், ஐ செக்கிங்.” நம்மூர்க் கம்பெனிகளில் பிசிறு பார்க்கிற வேலைக்குச் செக்கிங் என்று பெயர்; அங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தக் கூச்சத்தில், மந்திரியை வெட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

“நம்மூரு பீஸுங்களா அது?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க. லேபிளப் பாக்கறதுக்குள்ள நடுவர் வந்துட்டாரு.”

உலகத்தில் எத்தனையோ விதமாக கிராண்ட்மாஸ்டரிடம் தோற்றிருக்கிறார்கள். இந்த விதம் திருப்பூர்க்காரனுக்கு மட்டுமே வாய்க்கும்.

இத்தனை வருடம் மண்டப வாசல்களில் உட்கார்ந்து எனக்கு ஒன்று புரிந்தது. உள்ளே இருக்கிற எல்லோருமே களைத்தவர்கள். பிள்ளைகள் ரேட்டிங்குக்காக வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கிராண்ட்மாஸ்டர் மாதிரியான பட்டத்துக்காக. பட்டம் வேண்டுமென்றால் பட்டம் உள்ளவர்களோடும் வெளிநாட்டவரோடும் ஆடிக் காட்ட வேண்டும்; அவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழே அகப்படும் இடம் ஓபன்தான். நம்மைப் போன்ற பெற்றோர்கள் ஏன் வருகிறோம் என்று நமக்கே மறந்துவிட்டது. தயிர்சாதம் புளிப்பதற்குள் சுற்று முடிந்தால் சரி என்று உட்கார்ந்திருக்கிறோம். ‘ஜெயிச்சுட்டா’ என்று யாராவது சொன்னால், முதுகுவலி ஒரு மணி நேரத்துக்கு மறக்கிறது. அவ்வளவுதான்.

கிராண்ட்மாஸ்டர்கள் வேறு மாதிரி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காலை, மண்டபத்துக்கு எதிரே உள்ள கடையில், அவர்களில் ஒருவர் தனியாக நின்று இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. கசங்கின சட்டை. பாய் அவரை வெகுநேரம் பார்த்தார்.

“அவரும் நம்மளாட்டம் ஜாப் ஒர்க்தானுங்க மாப்ள. இந்த வாரம் இந்த ஊரு, அடுத்த வாரம் வேற நாடு. ரூமும் சோறும் குடுத்துருவாங்க. பரிசு வந்தா உண்டு. வராட்டிப் பொட்டியத் தூக்கீட்டு அடுத்த ஊரு. சின்னப் பசங்ககிட்டத் தோத்துட்டா, அடுத்த வருசம் கூப்பிடவும் மாட்டாங்க.” கொஞ்சம் கழித்துச் சொன்னார்: “ஆனா உக்காந்துட்டாருன்னா பாருங்க. எந்திரிக்கற வரைக்கும் அவருக்கு வேற கவலையே இருக்காது. எனக்கும் அப்படித்தானுங்க. ஆர்டர் இல்ல, ஆள் வரல, கரண்ட் பில்லு, ஸ்டென்ட்டு, ஒண்ணும் ஞாபகம் வராது.”

கடைசியாக நாங்கள் போனது சென்னையில் நடந்த ஒரு ஓபனுக்கு. நந்தினிக்கும் அதுதான் கடைசி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிட்டது, கல்லூரியில் சேரப்போகிறாள். “போதும்ப்பா, டயர்டா இருக்கு” என்று அவளே சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் சுற்றில் பாய்க்கு மறுபடி கிராண்ட்மாஸ்டர் அமைந்தார். முன்வரிசைப் பலகை என்பதால் ஆட்டத்தை இணையத்தில் காட்டினார்கள். எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதைத் தவிர செஸ்ஸில் ஒன்றும் தெரியாது. ஆனால் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும். வெள்ளை ஏறினால் வெள்ளைக்கு நல்லது, கறுப்பு ஏறினால் கறுப்புக்கு நல்லது. அது புரியும். அன்று அந்தப் பட்டை நடுவிலேயே நின்றது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நடுவிலேயே. வாசலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அவரவர் பிள்ளையின் ஆட்டத்தை விட்டுவிட்டு, பாயின் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவுக்குப் போன் போடலாமா என்று எடுத்தேன்; கண் பட்டுவிடும் என்று வைத்துவிட்டேன்.

பிறகு பட்டை மெல்லச் சரிந்தது. சரிந்தது நிற்கவில்லை.

பாய் வெளியே வந்தபோது, நாங்கள் துக்க வீட்டு முகத்தோடு நின்றோம். அவர் மட்டும் தெளிவாக இருந்தார். என்னைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“மாப்ள, டிரா கேட்டாருங்க.”

“யாரு?”

“அவருதான். ராத்திரிதான் பிளைட்ல வந்து எறங்கினாராம், கண்ணெல்லாம் சொக்குது. அவராவே கையக் கொஞ்சம் நீட்டி, ‘டிரா?’ன்னாரு.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலீங்க. சிப்பாய எடுத்து ஒரு கட்டம் முன்னால வெச்சேன். வேண்டாம்னா இந்த ஆட்டத்துல அப்படித்தானுங்க சொல்லோணும்.”

“பாய்! உங்களுக்கென்ன பைத்தியமா? எத்தன வருசமாக் கேட்டுட்டு இருக்கறீங்க! அவரே குடுக்கறாரு, வாங்கீட்டு வர்றதுக்கென்னங்க?”

அவர் டீயை ஆற்றினார். இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு, அதிலிருந்து இதற்கு.

“வாங்கியிருந்தா இன்னிக்கோட சரீங்களே” என்றார். “சாட்சிக்கு வேற வெளிய உக்காந்திருக்கறீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டில் கொடுத்த வாக்கு. அந்த அரைப் புள்ளியைக் கையில் வாங்கினால் அடுத்த முதல் சுற்று கிடையாது. அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அக்கா அந்தப் பையின் மேல் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. ஆனால் அந்த மனுசனின் முகத்தைப் பார்த்த பிறகு திட்டு வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

போட்டி முடிந்து திரும்பும்போது பகல் ரயில். நந்தினி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். ஜோலார்பேட்டை தாண்டியதும் பாய் கேட்டார்.

“பாப்பா காலேஜ் போயிருச்சுன்னா, அடுத்த ஓபனுக்கு எனக்குத் தொணை யாருங்க மாப்ள?”

“ஏங்க, வாசல்ல நாற்காலியச் சூடு பண்றதுக்கு ஆளா இல்ல?” என்றேன். “எனக்கு ஊட்டுல வேற வேலை இல்லீங்களா? ஞாயித்துக்கெழம தூங்கறதுன்னு தீர்மானம் போட்டாச்சுங்க.”

“அதுவும் சரிதானுங்க” என்றார். சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மாதமே அவர் போய்விட்டார். காலைத் தொழுகைக்கு எழுந்தவர், கட்டிலிலேயே திரும்ப உட்கார்ந்து சாய்ந்துவிட்டாராம். ஊரை விட்டு எங்கேயும் போகாத ஒரு நாளில், சொந்த வீட்டில். அலைச்சல்தான் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அதிலும் மனுசன் ஒரு கணக்கு வைத்திருந்தார் போல.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. மண்டபத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைகளிடம் நாம் எல்லோரும் ‘ஜெயிச்சியா?’ என்று கேட்போம். பாய் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. “யாரோட உக்காந்தே கண்ணு?” என்பார். எந்த ஊர்க்காரர், எப்படி யோசிக்கிறார், தண்ணீர் குடிக்கிறாரா, சிரித்தாரா என்று விசாரிப்பார். தோற்றுவிட்டு அழுதபடி வரும் பிள்ளைகள், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே அழுகையை மறந்துவிடும். போன வாரம், கல்லூரியிலிருந்து வந்த நந்தினியிடம் நானும் அப்படித்தான் கேட்டேன். “இன்னிக்கு யாரோட உக்காந்தே?” அவள் ஒரு மணி நேரம் பேசினாள். அவள் அத்தனை நேரம் என்னிடம் பேசி வருடக்கணக்காயிருக்கும்.

பாய் இறந்த மூன்றாம் நாள், கூட்டம் குறைந்த பிறகு, நான் ராயபுரம் போனேன். கைதட்டலுக்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா லேசாகச் சிரித்தார். “அவரு இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பாருங்க” என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

“அந்த டிரா வெவகாரம் எனக்குத் தெரியுமுங்கண்ணா. வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. மனுசனுக்கு என்கிட்ட எதுவும் மறைக்க வராதுங்க. ரெண்டு நாளு நான் பேசவே இல்ல. அப்புறம் அடுத்த ஓபனுக்குப் பேரு குடுக்கறேன்னு வந்து நின்னாரு. தனியாவெல்லாம் அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டேன். தனியா இல்ல, மாப்ள கூட வர்றாரு, ரயில்லயே பேசி முடிச்சாச்சுன்னாரு. நீங்க வர்றீங்கன்னதாலதானுங்கண்ணா நானும் சரின்னேன். நெசந்தானுங்களே? வர்றேன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமாங்க அக்கா” என்றேன்.

நான் சொல்லியிருக்கவில்லை. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில், நாற்காலி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்று அத்தனையும் பேசிய வாய், நாக்கின் நுனி வரைக்கும் வந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது: பாப்பா வராட்டிப் போகுதுங்க பாய், நான் வர்றேன்.